சொல்லிக்கொள்ளாமல் போகிறவர்கள்

1

இங்கே காலையிலிருந்து மழை. கோவில்பட்டிப் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்கள் பெருமூச்சு விடுவீர்கள் என்று தெரியும். ஜம்பத்துக்குச் சொல்லவில்லை. நம் ஊர் மழை வந்தால் கொட்டிவிட்டுப் போய்விடும். இந்த ஊர் மழை விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி நாள் முழுக்க நகராமல் உட்கார்ந்திருக்கும்.

இங்கிலாந்தின் வடக்கே இந்த ஊருக்கு நான் வந்து பத்து வருஷம் ஆகிறது. குழந்தைகள் வார்டில் நர்ஸ் வேலை. காதில் சீழ், தொண்டைப் புண், கரப்பான், கொப்புளம் என்று வருகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். என் பெயர் சண்முகத்தாய். ஆனால் இங்கே யாருக்கும் அது தெரியாது. வந்த புதிதில் நர்ஸ் பதிவு அலுவலகத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். அப்படி ஒன்று எங்களுக்குக் கிடையாது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றார்கள். அப்பா பெயரை எழுதிவிட்டேன். அன்றிலிருந்து நான் நர்ஸ் மாடசாமி. எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கம் பருத்தியும் உளுந்தும் போட்டுக்கொண்டிருந்த என் அப்பா, சீமையில் ஒரு வார்டு முழுக்கத் தன் பெயரைச் சொல்லி மூத்திரம் வருகிறது என்று பிள்ளைகள் கூப்பிடும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

போன மாதம் மிஸஸ் ஹார்ட்லி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் நர்ஸ்களுக்கெல்லாம் மேலதிகாரி. எங்கள் வார்டுக்குத் தலைமை நர்ஸ் பதவி காலியாகிறது, எனக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. புண்ணாகிப்போன ஒரு பிள்ளையின் தோலை என்னைப் போல் வலிக்காமல் தொடுகிறவர்களை அவர் பார்த்ததில்லையாம். இப்படியெல்லாம் புகழ்ந்தால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். வந்தது. பிள்ளைகள் குணமாகி வீட்டுக்குப் போகிற நேரத்தில் மட்டும் நான் காணாமல் போய்விடுகிறேனாம். தாய்மார்கள் நன்றி சொல்லத் தேடுகிறார்களாம். ஒரு தாய் அரைமணி நேரம் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றுவிட்டு, அந்த நர்ஸுக்கு எங்கள்மேல் என்ன கோபம் என்று கேட்டுவிட்டுப் போனாராம். தேர்வுக் குழு இதைக் கட்டாயம் கேட்கும், பதில் யோசித்து வை, பதில் இல்லையென்றால் இந்தப் பதவியை மறந்துவிடு என்றார்.

நான் திகைத்துப்போனேன். கோபமெல்லாம் இல்லை. நான் அப்படிச் செய்கிறேன் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

2

மறுநாளிலிருந்து என்னையே நான் வேவு பார்க்க ஆரம்பித்தேன். தலையில் படர்தாமரை வந்து குணமான ஒரு பெண்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டிய நாள். தாய் பையைக் கட்டுகிறாள். என் கால் தானாக நடக்கிறது. பார்த்தால், துணி அடுக்குகிற அறைக்குள் நின்று, ஏற்கெனவே மடித்திருந்த விரிப்பைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருக்கிறேன். சிரிப்பு வந்துவிட்டது. ஏன் இங்கே வந்து நிற்கிறாய் சண்முகத்தாய் என்று எனக்கு நானே கேட்டேன். கேட்டதும் கோவில்பட்டி வந்து நின்றது.

எழுபதுகளில் அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பகுதியில் வேலை பார்த்தேன். தீப்பெட்டி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள்தான் முக்கால்வாசி. சித்திரை வைகாசியில் வேனல்கட்டி. பள்ளிக்கூடம் திறந்தால் பொன்னுக்குவீங்கி. சொறியும் சிரங்கும் வருஷம் முழுக்க. குளிக்கத் தண்ணீர் இருந்தால்தானே தோல் தோலாக இருக்கும். நாங்கள் தடவிவிடுகிற ஊதா மருந்தோடு பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டில் நிற்பார்கள். ஊதாப் புள்ளியைப் பார்த்தே, இது நம் ஆஸ்பத்திரிப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடலாம்.

அந்த வார்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு போனதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது போய்ட்டு வாரேன் என்று சொன்னால் திரும்ப வர வேண்டியதாகிவிடும் அல்லவா? அதனால் வாயே திறக்க மாட்டார்கள். முதலில் ஒருவர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். தாய் கட்டிலுக்கடியில் குனிந்து பார்ப்பாள். ஒரு தம்ளரோ துண்டோ விட்டுப்போனால் அதுவே திரும்ப இழுக்கும். பிறகு பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, நேரே பார்த்தபடி நடந்துவிடுவாள். அத்தனை நாள் பக்கத்துக் கட்டிலில் சேர்ந்து சாப்பிட்டவள்கூட அந்த நேரத்தில் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

நர்ஸ்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. நாங்கள் எதிரே நின்றால் அவர்கள் பாவம், பேசாமல் எப்படிப் போவார்கள்? அதனால் ஒதுங்கிவிடுவோம். எங்கள் தலைமை நர்ஸை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்போம். வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர், இந்த நம்பிக்கையெல்லாம் அவருக்குக் கிடையாது. ஆனாலும் பை கட்டுகிற சத்தம் கேட்டால், “ஏட்டி, போறவுக முன்னால நிக்காதிய, உள்ள வாங்க,” என்று எங்களை விரட்டுவார். நாங்கள் ஊசி கொதிக்க வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிற்போம். அது முகத்தைத் திருப்பிக்கொள்வது இல்லை. போகிற பிள்ளைக்கு நாங்கள் செய்கிற கடைசி சிகிச்சை.

அந்த அறையைத்தான் நான் கடல் தாண்டித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

3

இங்கே எல்லாம் தலைகீழ். போகும்போதுதான் திருவிழா. வாழ்த்து அட்டை கொடுப்பார்கள், மிட்டாய் டப்பா கொடுப்பார்கள், கட்டிப்பிடித்துப் போட்டோ எடுப்பார்கள். கடைசியில் வாசலில் நின்று, “சீ யூ சூன்!” என்பார்கள். ஆஸ்பத்திரியில் வைத்து! சீக்கிரம் பார்க்கலாம் என்றால் என்ன பேச்சு?

நானும் என் பங்குக்குச் சொதப்பியிருக்கிறேன். வந்த வருஷம், தொண்டைப் புண் ஆறிப் போன ஒரு பிள்ளையின் தாயிடம், மனது நிறைய, தயவுசெய்து இனிமேல் இங்கே வராதீர்கள் என்று இங்கிலீஷில் சொன்னேன். நம் ஊரில் இதைவிடப் பெரிய வாழ்த்து உண்டா? அந்த அம்மாள் முகம் சிவந்து விறுவிறுவென்று போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் நான் வாயை மூடிக்கொண்டு அறைக்குள் ஒளிய ஆரம்பித்திருப்பேன் போல.

இவர்களுடைய நம்பிக்கைகளும் எனக்கு வேடிக்கைதான். நம் ஊரில் ஒரு வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை சொருகுவோம், வெளியாள் உள்ளே நுழைய மாட்டார். இங்கே ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை என்றால் தெருவில் உள்ள தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு விளையாடப் போகிறார்கள். சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடட்டுமாம். கேக் வேறு வெட்டுகிறார்கள். என் மகளுக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தபோது நான் கதவைத் தாழ்போட்டுவிட்டேன். நர்ஸாக யோசித்தால் அதில் ஏதோ கணக்கு இருக்கிறது என்று புரிந்தது. தாயாக யோசித்தபோது கை தானாகத் தாழைத் தேடியது.

என் மகள் கோமதிக்கு இப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயரைச் சுருக்கி மேட்டி ஆக்கிவிட்டார்கள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அதுவும் இல்லையென்றால் தோளைக் குலுக்குவாள். தேர்வு விஷயத்தை அவளிடம் சொன்னதும் உற்சாகமாகிவிட்டாள். சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, தன் அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேர்வுக் குழுவாகவே மாறிவிட்டாள். ஏன் ஒளிகிறீர்கள் என்று கேட்டாள். நான் காரணத்தைச் சொன்னேன். அது மூடநம்பிக்கை இல்லையா என்றாள். ஆமாம் என்றேன். அப்படியானால் ஏன் விட மாட்டேன் என்கிறீர்கள் என்றாள். நான் எழுந்து தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். மகள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவளாகவே தமிழில் கேட்டாள்:

“உங்ககிட்ட ஒருத்தர்கூட சொல்லிட்டுப் போனதே இல்லையாம்மா?”

ஒருத்தி சொன்னாள். அவளை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

4

பேச்சியம்மாள் நாகலாபுரம் பக்கத்தவள். தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிற வேலை. அவள் மகள் மாரிக்கு ஐந்து வயது இருக்கும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி எல்லாம் சொறி. சொறிந்து சொறிந்து சீழ் பிடித்துச் சிரங்காகிவிட்டது. அதற்காக அவள் வரவில்லை. சிரங்குக்கெல்லாம் யார் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்? காலையில் எழுந்தால் பிள்ளையின் முகம் கண் திறக்க முடியாமல் வீங்கியிருந்தது, மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போனது. பயந்துபோய் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள்.

சிரங்கின் விஷம் சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறது என்றார் டாக்டர். பென்சிலின் ஊசி, படுக்கையை விட்டு இறங்கக் கூடாது, உப்பு கூடாது. பச்சைத் தண்ணீர்கூட அளந்துதான். நான் தினமும் வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து, புண்ணின் பொருக்கை ஊறவைத்து எடுப்பேன். அவசரப்பட்டுப் பிய்த்தால் ரத்தம் வரும், பிள்ளை அடுத்த தடவை கையை நீட்டாது. மாரி உப்பில்லாக் கஞ்சியைத் துப்பினாள். பேச்சி என்ன செய்தாள் தெரியுமா? தனக்கும் உப்பில்லாமல் வாங்கி, மகள் எதிரே உட்கார்ந்து, அதைக் கறிக்குழம்பு மாதிரி சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள். அவள் முகத்தைப் பார்த்து எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை.

வீக்கம் வடிந்தது. மூத்திரம் தெளிந்தது. ஆனால் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, சிரங்கு திரும்ப வந்தால் இதுவும் திரும்ப வரலாம், அடுத்த தடவை இவ்வளவு சுலபமாக இருக்காது, அந்தத் தாய்க்குப் புரிய வை என்றார். நான் பாடம் மாதிரிச் சொன்னேன். சொறி ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குத் தாவும். சொறிக்குத் தருகிற வெள்ளை மருந்தை வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில், கழுத்திலிருந்து கால்வரை தடவ வேண்டும். அன்றைக்கே துணி, பாய்விரிப்பு எல்லாவற்றையும் வெந்நீரில் போட வேண்டும். ஒருத்தரை விட்டாலும் பிரயோசனம் இல்லை.

பேச்சி கவனமாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

“வீட்ல உள்ள எல்லாரும்னு சொல்லுதீங்களே சிஸ்டர், வீடுன்னா எது? புழுக்கத்துக்கு எங்க வளவுல அம்புட்டுப் பிள்ளையளும் வெளியதான் ஒண்ணாக் கெடக்கும். எம்புள்ள எதுத்த வீட்டுப் பாயில கெடக்கும், அவுக புள்ள எம்மடியில கெடக்கும். நா யாருக்குத் தடவ, யார விட?”

நான் படித்த புத்தகத்தில் வீடு என்றால் நான்கு சுவர், ஒரு கதவு. அப்படியானால் வளவில் உள்ள அத்தனை வீட்டுக்கும்தான் என்று சொல்லிவைத்தேன். சொல்லும்போதே, இது நடக்கிற காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவர்கள் கிளம்புகிற நாள் வந்தது. பை முன்னால் போயிற்று. நாங்கள் உள் அறைக்குள் போய்விட்டோம். கட்டிலுக்கடியில் பார்த்தாகிவிட்டது. வாசல்வரை போன பேச்சி அப்படியே திரும்பி வந்து, எங்கள் அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

“சிஸ்டர், போய்ட்டு வாரேன்.”

அடுத்த கட்டில்காரி தன் பிள்ளையின் தலைமேல் கையை வைத்துக்கொண்டாள். பெரிய சிஸ்டர், வேதக்காரர், அவரே பதறிவிட்டார். “கூறுகெட்டவளே, புள்ளைய வச்சுக்கிட்டு இங்கன நின்னு சொல்லுத பேச்சா இது?” என்றார்.

பேச்சி அசரவில்லை. “நா வராம எப்படிக்கா? நா வந்தாத்தான இது போவும்,” என்றாள். மாரியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

5

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. நாகலாபுரம் பஸ் வருகிற நேரத்துக்கெல்லாம் ஜன்னலைப் பார்ப்பேன். முகம் வீங்கிய பிள்ளையோடு அவள் இறங்கிவிடக் கூடாதே என்று, எனக்குத் தெரிந்த அத்தனை சாமியையும் கும்பிட்டேன். படித்த நர்ஸ்தான், என்ன செய்ய.

ஒரு அமாவாசை அன்று, தீப்பெட்டி ஆபீஸ்களுக்கெல்லாம் விடுமுறை, ஜன்னல் வழியே பார்த்தேன். கேட்டுக்குள் பேச்சி வருகிறாள். இடுப்பில் மாரி. பேச்சியின் தோளில் முகத்தைப் புதைத்திருந்ததால் பிள்ளையின் முகம் தெரியவில்லை. பெரிய சிஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்று, சொல்லுகிற பேச்சா இது என்று அன்றைக்கே கேட்டேனே என்று முணுமுணுத்தார்.

மாரி தலையைத் தூக்கினாள். வீக்கம் இல்லை. தூக்கக் கலக்கம், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் பின்னால் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு டிராக்டர் வண்டி, அதிலிருந்து பிள்ளைகள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் தாய்மார்கள். அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டு சில ஆண்கள்.

பேச்சி மூச்சிரைக்கச் சொன்னாள். வளவு முழுக்க வந்தாச்சு. கொதிக்க வைக்கத் தண்ணீருக்கு எங்கே போவது என்று, எல்லாத் துணியையும் சலவைக்காரர் வீட்டு வெள்ளாவியில் போட்டாச்சு. கட்டியிருக்கிறது மட்டும்தான் பாக்கி.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மருந்தை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இரண்டு வரிசை. ஆண்களைக் கம்பவுண்டர் ஒரு மறைவுக்குள் கூட்டிக்கொண்டு போனார். சீழ் உள்ளவர்களுக்கு முதலில் சோப்புப் போட்டுக் கழுவி ஊதா மருந்து. மற்றவர்களுக்கு வெள்ளை மருந்து, பிரஷ் வைத்து, கழுத்திலிருந்து கால்வரை. எரியுது எரியுது என்று பிள்ளைகள் குதிக்க, பெரிய சிஸ்டர் சேலையைச் சொருகிக்கொண்டு ஒவ்வொன்றையும் காலுக்கிடையில் பிடித்துத் தடவினார். திட்டிக்கொண்டேதான் தடவினார். சாயங்காலம் வண்டி கிளம்பும்போது பார்த்தால், அத்தனை பேரும் வண்டியிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு போனார்கள். பெரிய சிஸ்டர் எங்களை உள்ளே விரட்டவில்லை. வாசலில் எங்களோடு அவரும் நின்றார்.

மாரி பிறகு வரவேயில்லை. இரண்டு வருஷம் கழித்து ஊரை விட்டுக் கிளம்புமுன் விசாரித்தேன். சந்தையில் பார்த்தோம், நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள் என்றார்கள்.

6

தேர்வுக் குழுவில் மூன்று பேர். மிஸஸ் ஹார்ட்லி ஒரு ஓரம். தேநீர் கொடுத்தார்கள், குடிக்க முடியவில்லை. எதிர்பார்த்த கேள்வி வந்தது. நான் ஒளிகிற காரணத்தைச் சொன்னேன். பேச்சியின் கதையையும் சொன்னேன். வண்டி வருகிற இடத்தில் என் இங்கிலீஷ் காலை வாரிவிட்டது, கையால்தான் காட்டினேன். நடுவில் இருந்தவர் கேட்டார்: இனி என்ன செய்வதாக உத்தேசம்?

இனி வாசலில் நிற்பேன் என்றேன். ஆனால் சீக்கிரம் பார்க்கலாம் என்று மட்டும் என் வாயால் சொல்லச் சொல்லாதீர்கள் என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆறு மாதம் பார்ப்போம் என்று பதவியைக் கொடுத்தார்கள். தலைமை நர்ஸுக்கான கருநீல உடுப்பு. மகள் அதைத் தொட்டுப் பார்த்து, மாடசாமி தாத்தாவுக்கு பிரமோஷன் என்றாள்.

அந்த உடுப்பில் முதன்முதலாக நான் வழியனுப்ப வேண்டியிருந்தது டேனியலை. நான்கு வயது. உடம்பெல்லாம் கரப்பான். கொஞ்ச நாள் களிம்பு பூசி, துணி சுற்றி, சொறியாமலிருக்கக் கைக்கு உறை மாட்டித் தேற்றியிருந்தோம். அவன் தாய் லின் தினமும் என் கூட நின்று கட்டுப்போடக் கற்றுக்கொண்டாள். கோட்டை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்ற தாய் வேறு யாருமில்லை, போன தடவை வந்தபோது இவள்தான். ஒரு நாள் களிம்பு தடவிக்கொண்டே, எங்கள் ஊரில் எப்படிக் கிளம்பிப் போவார்கள், நான் ஏன் ஒளிந்தேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் பையன் கைக்கு உறையை மாட்டிவிட்டாள்.

கிளம்புகிற நேரம். குழுவுக்குக் கொடுத்த வாக்குப்படி வாசலில் போய் நின்றேன். கையைத் தூக்கி ஆட்டலாமா, எந்தக் கையை ஆட்டுவது என்றெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு நின்றேன். லின்னின் புருஷன் பையோடு முதலில் போனார். லின் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள். பிறகு பையன் கையைப் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடி, நேரே பார்த்தபடி, என்னைத் தாண்டிப் போனாள். ஒரு வார்த்தை இல்லை. காதோரம் மட்டும் சிவந்திருந்தது. என் ஊர்ச் சம்பிரதாயத்தை எனக்காகச் செய்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

லிஃப்டுக்குள் ஏறிவிட்டார்கள். கதவு மூடப்போகிற நேரத்தில் டேனியல் திரும்பினான். கட்டுப் போட்ட கையை ஆட்டிக்கொண்டு, “பை, நர்ஸ் மாடசாமி! சீ யூ சூன்!” என்று கத்தினான்.

லின் பதறி அவன் வாயைப் பொத்தினாள். என்னைவிட அவள்தான் அதிகமாகப் பயந்துபோனாள். என் காலும் பழைய பழக்கத்தில் ஒரு தடவை துணி அறைப் பக்கம் திரும்பத்தான் செய்தது. ஆனால் கரப்பான் வந்து வந்து போகிற வியாதி. அவன் வரத்தான் செய்வான், வந்தால்தான் தேறுவான்.

“வாலே,” என்றேன். நம் ஊர்ப் பையனைக் கூப்பிடுகிற மாதிரி தமிழில்தான் வந்தது.